கோட்டுக்கு நேராக நின்று பாருங்கள்

2021 ஆகஸ்டு 31, நம் மலேசியாவின் சுதந்திர தினம். தோக்கியோ பாராலிம்பிக்கில் முகமது ஸியாட் ஸொல்கெஃப்லி குண்டை 17.94 மீட்டர் எறிந்தார், உலகச் சாதனை. 2016-இல் ரியோவில் தங்கம் வென்றவர் மறுபடியும் வென்றுவிட்டார் என்று, நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் கிடந்த நாடே கொண்டாடியது. கொண்டாட்டம் அடங்குவதற்குள் தங்கம் கைவிட்டுப் போனது. போட்டிக்கு முன் வீரர்கள் வந்து பெயர் கொடுக்க வேண்டிய அழைப்பு அறைக்கு அவரும் வேறு இரு நாட்டு வீரர்களும் நேரம் தவறி வந்திருந்தார்கள். நியாயமான காரணம் இருக்கலாம் என்று மூவரையும் முதலில் எறிய விட்டார்கள். பிறகு உக்ரேன் தரப்பின் ஆட்சேபத்தை விசாரித்து மூவரையும் நீக்கினார்கள். 17.34 மீட்டர் எறிந்த உக்ரேனியர் மாக்சிம் கோவால் தங்கம் பெற்றார். நம்மவர்களில் பலர் சமூக வலைத்தளங்களில் அவரை வசைபாடினார்கள். அவர் செய்த குற்றம் என்ன? நேரத்துக்கு வந்தார், எறிந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் ஆறாம் ஆண்டு மாணவர்களின் புலனக் குழுவில் ஒரே கேள்வி: "சார், அவருதானே தூரமா எறிஞ்சாரு?" ஆமாம், அவர்தான் தூரமாக எறிந்தார். அது மட்டும் போதுமா என்பதைப் பிள்ளைகளுக்குத் தட்டச்சு செய்து புரிய வைக்க முடியவில்லை. திடல் மீண்டும் திறந்த பிறகு, விளையாட்டுப் போட்டி ஏற்பாட்டில் ஒரு கூடாரம் கூடுதலாகப் போட்டேன். ஒவ்வொரு போட்டிக்கும் முன்பு ஓட்டக்காரர்கள் அங்கே வந்து பெயர் கொடுக்க வேண்டும். பெயர் எழுதுபவர்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள். மூன்று அழைப்பு உண்டு. மூன்றாவதோடு பட்டியல் மூடப்படும். எந்த விளையாட்டு இல்லமாக இருந்தாலும், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதுதான் விதி. பட்டியலைத் தாங்களே எழுதி விதியைக் காப்பாற்றும் பிள்ளைகள், அதே விதி தங்கள் மீது விழும்போது முகம் சுளிப்பதில்லை. பல ஆண்டுகளாகக் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளித் திடலில் நின்று நான் தெரிந்துகொண்டது இது: நேர்மையைப் பற்றித் திறப்புரையில் எவ்வளவு பேசினாலும் பிள்ளையின் காதில் ஏறாது. போட்டியின் ஏற்பாட்டுக்குள்ளேயே அது இருந்தால், சொல்லாமலே ஏறும்.

ஏற்பாடு என்றால் முதலில் சுண்ணாம்புக் கோடு. எங்கள் திடலில் 200 மீட்டர் வட்டம்தான் அடங்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தமிழ்ப்பள்ளிகளுக்கு அதுவும் கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கட்டடங்களுக்கு நடுவில் பிள்ளைகள் ஓடிப் பழக இடம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கிள்ளானில் பலர் சுல்தான் சுலைமான் அரங்கத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். எங்கே ஓடினாலும், ஒரு முழுச் சுற்று ஓட்டத்தில் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வெளித்தடத்தில் ஓடுபவன் கூடுதல் தூரம் ஓடுவான். அதனால் வெளித்தடங்களின் தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிப் போட வேண்டும். தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்றால் ஒவ்வொரு தடத்துக்கும் 7.67 மீட்டர். உள்விளிம்பில் உயர்த்திய கட்டு உள்ள அரங்கங்களில் மட்டும் இரண்டாம் தடத்துக்கு 7.04. இதில் நான் இன்னமும் வியப்பது ஒன்று உண்டு. திடல் பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. தடத்தின் அகலத்தை இரண்டால் பெருக்கி, பிறகு பையால் (π) பெருக்கினால் முடிந்தது. ஒலிம்பிக் அரங்கத்துக்கும் எங்கள் புல்திடலுக்கும் அதே கணக்குதான்.

ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு அது அப்படித் தெரியாது. ஒரு முறை முதல் தடத்தில் நின்ற ஐந்தாம் ஆண்டுப் பையன், 23 மீட்டர் முன்னால் நான்காம் தடத்தில் நின்ற சிவப்பு இல்லத்துப் பையனைப் பார்த்துவிட்டு, "சார், அவன மட்டும் அவ்ளோ முன்னாடி விட்டிருக்கீங்க, இது நியாயமா?" என்று கேட்டான். குரலில் உண்மையான கோபம். அளக்கும் சக்கரத்தை அவன் கையில் கொடுத்தேன். நான்காம் தடத்தின் தொடக்கத்திலிருந்து இறுதிக் கோடு வரை, தடத்தின் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி உருட்டச் சொன்னேன். உருட்டிவிட்டு வந்தான்: 200. தன் தடத்தில் உருட்டினான்: அதுவும் 200. இன்னொரு முறை உருட்டிப் பார்த்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் தன் கோட்டுக்குப் போய் நின்றான். முன்னால் நிற்பவனெல்லாம் சலுகை பெற்றவன் இல்லை என்பதை அந்தச் சக்கரம் காட்டியதுபோல் என்னால் எந்த வகுப்பிலும் காட்ட முடிந்ததில்லை. அதிலிருந்து போட்டிக்கு முந்திய வாரம் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு முறை சக்கரம் உருட்டுகிறார்கள். யாருக்கு எந்தத் தடம் என்பதை இல்லத் தலைவர்கள் எல்லார் முன்னிலையிலும் சீட்டெடுத்து முடிவு செய்கிறார்கள்.

புள்ளிக் கணக்கு அடுத்தது. முதல் நான்கு இடத்துக்கு 5, 3, 2, 1 என்று மட்டும் கொடுத்தால், பள்ளியில் கால் வேகமுள்ள ஒரு கைப்பிடிப் பிள்ளைகளைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கும். மற்றவர்கள் கைதட்டும் கூட்டம். 2011-இல் கல்வியமைச்சு 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது; அதற்கும் முன்பிருந்தே நம் பள்ளிகளில் 'சுக்கான்தாரா' இருக்கிறது. போட்டிக்குப் பல நாள் முன்னதாகவே எல்லா மாணவர்களும் ஓடித் தாண்டி எறிவார்கள். வயதுக்கேற்ற அளவு ஒன்று இருக்கும். அதை எட்டினால் இல்லத்துக்குப் புள்ளி. இதில் யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. பருமனான பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை, இழுப்புள்ள பிள்ளை, எல்லாரும் தங்கள் இல்லத்துக்கு ஒரு புள்ளியாவது கொண்டுவர வழி இருக்கிறது. சில பள்ளிகளில் இதைப் பேருக்கு ஒரு நாளில் முடித்து, பாரத்தை நிரப்பி வைத்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. ஏற்பாட்டாளருக்கு நேரம் குறைவாக இருந்தால் அணிவகுப்பு ஒத்திகையைச் சுருக்கட்டும். சுக்கான்தாராவைச் சுருக்க வேண்டாம்.

முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஓட்டமே வைப்பதில்லை. உலகத் தடகளச் சங்கத்தின் சிறுவர் தடகளத் திட்டத்தில் இருப்பதுபோல் ஏணி ஓட்டம், தவளைத் தாண்டல், கலப்புத் தொடர் ஓட்டம் என்று எல்லாமே குழுவாகத்தான். அந்த வயதில் மேடையில் தனியாக ஏற்றுவதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

இனி நடுவர்கள். இதுதான் ஏற்பாட்டிலேயே கடினமான வேலை. நம் பள்ளிகளில் ஆசிரியர்களே இல்லப் பொறுப்பாளர்கள். அவர்களே இறுதிக் கோட்டிலும் நின்றால் என்ன ஆகும்? எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கண் தன் இல்லத்துச் சட்டையைத் தேடும். அதனால் அண்டைப் பள்ளி ஆசிரியர்களை அழைக்கிறோம்; அவர்கள் போட்டிக்கு நாங்கள் போகிறோம். ஒருவர் முதல் இடத்தை மட்டும் பார்ப்பார், இன்னொருவர் இரண்டாம் இடத்தை மட்டும். தலையோ கையோ கோட்டைத் தொட்டால் கணக்கில்லை, மார்புதான் கணக்கு என்று காலையிலேயே எல்லாருக்கும் நினைவூட்டுவேன்.

அப்படியும் கைப்பேசி வந்துவிடும். நூறு மீட்டர் இறுதிச் சுற்று ஒன்றில் முதல் இரண்டு பேரும் ஒட்டி முடித்தார்கள். ஒரு பெற்றோர் காணொலியோடு வந்தார். "சார், இத கொஞ்சம் பாருங்க. எம்மவதான் முன்னாடி இருக்கா." காணொலியில் அப்படித்தான் தெரிந்தது. "அண்ணே, வாங்க" என்று அவரை அழைத்துக்கொண்டு போய் நடுவர் படியில் ஏற்றினேன். இரண்டு மாணவர்களை மார்பு கோட்டின் மேல் வரும்படி வெவ்வேறு தடத்தில் நிற்க வைத்தேன். "யாரு முன்னாடி?" "ரெண்டு பேரும் ஒண்ணாதான் இருக்காங்க." அவரை இறக்கி, அவர் படம் எடுத்த கொட்டகைப் பக்கம் கூட்டிச் சென்றேன். "இப்ப?" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஒரு பிள்ளை தெளிவாக முன்னால் இருந்தது. கோட்டுக்கு நேராக நிற்காத கண்ணுக்கு அருகில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும் இடம் மாறித் தெரிவார்கள். பெரிய போட்டிகளில் இறுதிக்கோட்டுக் கேமராவைக் கோட்டின் நேர்நீட்சியில் பொருத்துவது இதனால்தான். அவர் கைப்பேசியைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப அந்தப் பிள்ளதான் சார்" என்றார். முடிவை ஏற்கச் சொல்லி அவரிடம் நான் வாதாடவில்லை. நடுவரின் கண் இருக்கும் இடத்தில் அவரை நிறுத்தினேன்.

சிறு விதிகள் சிலவும் உண்டு. இல்லப் போட்டியில் ஆணிக் காலணி கிடையாது. வாங்க முடிந்த வீடும் முடியாத வீடும் ஒரே வரிசையில் நிற்கும் திடலில் அதற்கு இடமில்லை. மாவட்டப் போட்டிக்குத் தேர்வானவர்கள் அங்கே போட்டுக்கொள்ளட்டும். 2010-இலிருந்து உலகப் போட்டிகளில் ஒரு தவறான புறப்பாட்டுக்கே வெளியேற்றம். தொடக்கப்பள்ளிக்கு அந்த விதியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. "கெ கரிசான்… செடியா…" (கோட்டுக்கு… தயார்…) என்றதும் பத்து வயதுப் பிள்ளையின் கால் பதற்றத்தில் தானாக நகரும். நகர்ந்த பிள்ளைக்கு ஒரு எச்சரிக்கை. மறுபடி நகர்ந்தால்தான் வெளியே. கடைசியாக ஓடிவரும் பிள்ளை கோட்டைத் தாண்டும்வரை அடுத்த போட்டியின் அறிவிப்பு ஒலிபெருக்கியில் வராது. மைலோ வண்டிக்கும் அதே விதிதான். எல்லா ஓட்டமும் முடிந்த பிறகே வரிசை தொடங்கும். முதலில் ஒன்றாம் ஆண்டு.

பெற்றோர் சிலர் கேட்பார்கள்: "இப்படியெல்லாம் பார்த்தா நம்ம பிள்ளைங்க எப்படி சார் பெரிய அளவுல போகும்?" அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் மணி ஜெகதீசன். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என மூன்று தங்கம் வென்றவர். அதே போட்டியில்தான் எம். ராஜமணி பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடிப் படைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. ஓடி முடித்த பிறகு அவர் திடலை விட்டுப் போகவில்லை. மருத்துவராக, ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கி, ஊக்கமருந்துக்கு எதிராகப் பல்லாண்டு உழைத்தார். நாட்டின் மிக வேகமான கால்களுக்குச் சொந்தக்காரர், பந்தயம் சுத்தமாக நடக்க வேண்டும் என்று தன் பிற்கால வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கொடுத்திருக்கிறார். வேகத்துக்கும் நேர்மைக்கும் பகை என்று யார் சொன்னது?

ஏற்பாட்டில் இன்னொன்று: இல்லத் தலைவர்களுக்கு ஆட்சேபத் தாள் கொடுக்கிறோம். முடிவு அறிவித்த முப்பது நிமிடத்துக்குள், எந்தப் போட்டி, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று மூன்று வரி எழுதித் தர வேண்டும். உலகப் போட்டிகளிலும் அதே முப்பது நிமிடம்தான். கத்தினால் கேட்க மாட்டோம். எழுதினால் கட்டாயம் விசாரிப்போம், பதிலையும் எழுதியே தருவோம். தொடங்கிய காலத்தில் தாள் குவிந்தது. இப்போது வருபவை குறைவு; ஆனால் வருகிற தாள்களில் விஷயம் இருக்கிறது. தடம் மாறி ஓடியதைப் பிள்ளைகளே சரியாகக் கண்டு எழுதி, நாங்கள் முடிவை மாற்றியதும் உண்டு.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டி நாளுக்குக் கூடாரமும் உணவும் பரிசும் நீங்கள் தாராளமாகத் தருகிறீர்கள்; நன்றி. அதோடு, போட்டிக்கு முந்திய நாள் மாலையில் ஒரு மணி நேரமும் தாருங்கள். கோடு போட நூலின் இரு முனையையும் பிடிக்க ஆள் வேண்டும். சுண்ணாம்பு தள்ள ஆள் வேண்டும். உங்கள் பிள்ளை எந்த இல்லம் என்று கேட்க மாட்டோம்.