சூடாகாத டிரையர்

மாரி தொடங்கினால் எங்கட கிழக்கில் கொடியில் போட்ட உடுப்பு இரண்டு நாளானாலும் காயாது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைக்காகத்தான் நாங்கள் டிரையர் வாங்கினோம். போன கிழமை அது சுற்றியது, ஆனால் சூடு வரவில்லை.

திருத்த வந்த தம்பி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "சேர், தேர்மல் ஃபியூஸ் போயிட்டு. இப்போதைக்கு வயர் துண்டொன்றால டிரெக்டா குடுக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

அந்த ஃபியூஸ் சும்மா போவதில்லை. சூடு அளவுக்கு மீறும்போது அறுந்து கரண்டை நிறுத்துவதே அதன் வேலை. மீண்டும் ஒட்டாது, புதிதுதான் போடவேண்டும். பெரும்பாலும் காற்று வெளியேறும் வழி அடைபடுவதுதான் காரணம். வடியை ஒவ்வொரு நாளும் துடைத்தாலும் மிச்சத் தூசி பின்பக்கக் குழாயில் சேரும். எங்கள் குழாயிலும் பஞ்சுபோல அடைத்துக் கிடந்தது. அதை எடுத்த பிறகே புது ஃபியூஸ் போட்டோம்.

உங்கள் டிரையரிலும் சூடு வராவிட்டால், முதலில் 'கூல்' செட்டிங்கில் இருக்கிறதா எனப் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, வடியையும் குழாயையும் துப்புரவாக்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ஃபியூஸையும் ஹீட்டர் கொயிலையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். டிரெக்ட் கொடுக்க மட்டும் விடாதீர்கள். அந்தத் தூசி இலகுவில் நெருப்புப் பிடிக்கும். நாங்கள் டிரையரைப் போடுவதோ பிள்ளைகள் உறங்கிய பிறகுதான்.