தொண்டைமானாற்றிலிருந்து முள்ளியான் வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ‘ஆறு’ என்று பெயர் பூண்ட இடங்கள் சில உண்டு. ஆயினும் ஆண்டு முழுவதும் நன்னீர் ஓடும் ஆறு ஒன்றுதானும் அங்கு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடிப் பின் மறைந்துவிடும். தொண்டைமானாறோ உண்மையில் ஆறே அன்று. வடமராட்சிப் பரவைக்கடல் வடகடலோடு கலக்கும் வாய் அது. கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றும் மரக்கலங்கள் வந்து போவதற்காக அதனை ஆழப்படுத்தினான் என்பது இந்நாட்டு மக்கள் வழிவழியாகக் கூறிவரும் கதை. அந்தக் கதை மெய்யாயின், இன்று அவ்விடத்தைக் காணும் தொண்டைமான் பெரிதும் வியப்படைவான். அவன் கடல் உள்ளே வருவதற்கு வழி செய்தான். பின்வந்தோரோ கடல் உள்ளே வராதிருக்கக் கதவு போட்டிருக்கின்றனர்.

அன்னதானக் கந்தன் என்று அடியார் போற்றும் செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்துக்கு வருவோர் பலர் இந்த அணைக்கட்டைக் கண்டும் காணாதவர்போலக் கடந்து செல்வர். அதில் கண்ணைக் கவரும் அழகு ஒன்றுமில்லை. ஒரு வரிசைத் தூண்கள், அவற்றினிடையே கதவுகள். ஒருபுறம் அலைவீசும் கடல், மறுபுறம் அசையாத பரவைக்கடல். எனினும் குடாநாட்டின் குடிநீர் பற்றிய நீண்டதொரு கனவு இக்கதவுகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அது மிகையாகாது.

அக்கனவை விளங்கிக்கொள்வதற்கு முதலில் நிலத்தின் அடியைப் பார்த்தல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரிமழையே எமது முதன்மையான வரவு. அந்நீர் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் எடை குறைந்ததாகையால் இவ்வாறு மிதக்கின்றது. கணக்கு ஒன்று சொல்வர்: கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். இக்கணக்கின் மறுபக்கம் அச்சந் தருவது. இறைத்து இறைத்து மேல்மட்டம் 1 அடி தாழ்ந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவிடும். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கேணியிலே மேல்நீர் இனிப்பதும் ஆழம் செல்லச் செல்ல உவர்ப்பதும் இந்த நியதியினாலேயாம். அதனை வேடிக்கை பார்க்க மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், ஊரிலுள்ள ஒவ்வொரு கிணறும் ஒரு சிறு நிலாவரையே என்பதையும் சொல்லிக்கொடுப்பார்களாயின் நன்று.

துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதனின் தோள்வலியே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் யந்திரம் வந்தபின் அந்த எல்லை போயிற்று. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பணம் தந்தன, கிணறுகள் உவர்த்தன. தோட்டங்களுக்கு இட்ட உரத்தின் நைத்திரேற்று, கல்லின் வெடிப்பு வழியே குடிநீரிலும் கலந்தது.

இந்நிலையிலே, நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1954ஆம் ஆண்டில் முன்வைத்த திட்டமே ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று பெயர் பெற்றது. குடாநாட்டின் பரவைக்கடல்களை நன்னீர் ஏரிகளாக மாற்றும் எண்ணம் அதற்கு முன்னரும் பலர் மனத்தில் இருந்ததே. ஆறுமுகம் அவர்களின் தனிச்சிறப்பு, வன்னியின் வெள்ளத்தையும் குடாநாட்டின் தாகத்தையும் ஒரே படத்தில் வரைந்து காட்டியமையாகும். கனகராயன் ஆறு முதலியவை ஏறத்தாழ 940 சதுரக் கிலோமீற்றர் நிலத்தின் நீரை ஆனையிறவுப் பரவைக்கடலிலே கொண்டுவந்து சேர்க்கின்றன. மேற்கே ஆனையிறவில் வீதிப்பாலத்தின் கண்களை அடைத்து, கிழக்கே சுண்டிக்குளத்தில் அணையும் வான்கதவும் அமைத்தால் அந்நீர் கடலுக்கு ஓடாது நிற்கும். அதனை முள்ளியானில் வெட்டப்படும் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்கால் வழியாக வடமராட்சிப் பரவைக்கடலுக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் விடலாம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் கடலைத் தடுக்கும். ஆண்டுதோறும் மாரிநீர் பரவைக்கடலின் அடியிலுள்ள உப்பைக் கழுவ, சில ஆண்டுகளில் நீர் இனிக்கும். சுற்றியுள்ள கிணறுகளும் இனிக்கும். பெரிய யந்திரம் ஏதும் இன்றி, நீர் தன் பள்ளத்தைத் தானே நாடும் இயல்பைக் கொண்டே வகுக்கப்பட்ட திட்டம் இது.

தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. ஆனையிறவிலும் வேலைகள் நடந்தன. முள்ளியான் வாய்க்காலும் வெட்டத் தொடங்கினர். பின்னர் பணம் குறைந்தது. 1960களில் வேலை நின்றது. சங்கிலியின் நடுக்கண்ணி பூட்டப்படாமலே போயிற்று.

கதவு போடுவது ஒருநாள் வேலை. கதவைக் காப்பது ஒவ்வொரு நாள் வேலை. உப்புக்காற்றில் இரும்பு துருவேறும். மரத்தைக் கடற்புழு அரிக்கும். இடைவெளி ஒன்று விழுந்தால், மாரியில் சேர்ந்த நன்னீர் கோடையில் கடல்நீரோடு கலந்து பழையபடி உவர்த்துப்போகும். நீண்ட போர்க்காலத்தில் இவற்றைப் பேணுவார் இல்லை. போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னரே தொண்டைமானாற்றுக்குப் புதிய கதவுகள் கிடைத்தன.

ஆயினும் கதவைப் பூட்டுவதா திறப்பதா என்பதில் எல்லோருக்கும் ஒரே மனம் இல்லை. பரவைக்கடலின் கரையிலே நெல் விதைத்த கமக்காரன் உவர் ஏறாதிருக்கக் கதவை மூடு என்பான். மழை மிஞ்சி வயல் அமிழும்போது அவனே திற என்பான். இறால் பிடிப்பவனுக்கோ கடலும் பரவைக்கடலும் கலந்தால்தான் பிழைப்பு. இருவரும் சொல்வது நியாயமே. பொறியியலாளரின் வரைபடத்தில் நீரின் மட்டம் குறிக்கப்பட்டிருக்கும். இறால் பிடிப்பவனின் வலை குறிக்கப்பட்டிராது. சுண்டிக்குளமோ 2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கு வந்திறங்கும் பூநாரைகளுக்கும் உவர்நீரே உணவு தருவது. நீரை இனிப்பாக்குவோர் இவற்றையும் எண்ணவேண்டியவர் ஆவர்.

வன்னியிலிருந்து நீர் தருவதிலும் இதேவகைச் சிக்கல் எழுந்தது. இரணைமடுக் குளத்து நீரைக் குழாய் வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் யோசனை எழுந்தபோது, தமது நெல்வயல்கள் வாடிவிடும் எனக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். குளத்தை நம்பி வாழ்பவர் அவ்வாறு அஞ்சுவதிலே குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றை வேறுபடுத்திப் பார்த்தல் தகும்: ஆறுமுகம் அவர்கள் கேட்டது குளத்திலுள்ள நீரையன்று, குளங்கள் நிரம்பி வழிந்தபின் கடலை நோக்கி ஓடும் நீரையே.

இரணைமடு நீர் கிட்டாதுபோகவே, அரசு கடலையே நாடியது. வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தருவதற்கென அமைக்கப்பட்டது அது. குழாயைத் திருகியதும் நீர் வரக் காணும் இல்லத்தரசிக்கு அது பெரிய வரமே. எனினும் அங்கு ஒவ்வொரு குடம் நீருக்கும் மின்சாரம் செலவாகின்றது. அந்த நீரால் தோட்டம் செய்ய இயலாது, கிணறும் ஊறாது.

தாளையடியிலிருந்து தெற்கே மணல் மேடுகளையும் பனைகளையும் கடந்து சென்றால் முள்ளியானை அடையலாம். வாடைக்காலத்தில் செல்வோர், வானம் கறுத்திருக்க, வன்னி வெள்ளம் ஆனையிறவுப் பரவைக்கடலை நிரப்பிச் சுண்டிக்குளத்து வாய் வழியாகக் கடலுக்குள் பாய்வதைக் காண்பர். வடமராட்சிப் பரவைக்கடல் அங்கிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது.