சேற்றுக்குச் சொந்தக்காரன்

அயர்லாந்தின் ராயல் கால்வாய்க் கரையைச் சீர்செய்து சைக்கிள் பாதையாக்கப் போகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. வெளியே சொல்லவில்லை. ஆண்டு முழுக்க சைக்கிளில் திரிகிறவன், சைக்கிளுக்கு நல்ல பாதை வருகிறது என்றதும் முகம் சுளித்தால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆபீஸில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் நல்லதுதான் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீடு மேநூத்தில், வேலை லீக்ஸ்லிப் பக்கம். இரண்டு ஊரையும் இந்தக் கால்வாய் தொட்டுக்கொண்டு போகிறது. மழைக்காலத்தில் அந்தக் கரை எப்படி இருக்கும் என்பது அதில் ஓட்டியவனுக்குத்தான் தெரியும். நடுவில் புல், இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற தடம், தொட்டால் அரிக்கிற காஞ்சொறிச் செடி கை உயரத்துக்கு. வசந்தத்தில் அன்னங்கள் குஞ்சுகளோடு பாதையை அடைத்துக்கொண்டு சீறும். இறங்கி நின்று அவை போகும்வரை காத்திருக்க வேண்டும். மீன்பிடிக்கிறவர்களின் நீளத் தூண்டில்கள் குறுக்கே கிடக்கும். நான் அகல டயர் மாற்றினேன், காற்றைக் கொஞ்சம் குறைத்துவைக்கப் பழகினேன், உபரி ட்யூப் இல்லாமல் கிளம்புவதில்லை. முழங்கால்வரை சேறோடு ஆபீஸுக்குள் நுழையும்போது சிலர் வியந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது. பல மைல் தூரம் ஆளே இல்லாமல் போவதைத்தான் அந்தக் கரையின் அழகு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் ஆளே இல்லை என்று யோசித்ததில்லை.

எனக்கு அந்தச் சேற்றின்மேல் இருந்த உரிமைக்குச் சரித்திரத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். 1790-ல் வெட்டத் தொடங்கி 1817-ல் ஷானன் நதியைத் தொட்ட கால்வாய் இது. டப்ளினிலிருந்து குளூண்டாரா கிராமம்வரை 146 கிலோமீட்டர். வழியில் படகை மட்டம் ஏற்றி இறக்கும் லாக்குகள் 46. கரைப்பாதை போட்டது மனிதனுக்காக அல்ல, குதிரைக்காக. தண்ணீரில் மிதக்கும் பாரத்தை இழுக்க அதிக பலம் தேவையில்லை. சாலையில் ஏகப்பட்ட வண்டிகளில் போகிற சரக்கை இங்கே ஒற்றைக் குதிரை நடைவேகத்தில் இழுத்துப் போய்விடும். பழைய பாலங்களின் வளைவுக்கு அடியில் கல்லைத் தடவிப் பாருங்கள், விரல் நுழையும் ஆழத்துக்குக் கோடுகள் இருக்கும். இழுத்த கயிறுகள் அறுத்த தடம் அது. ஒவ்வொரு முறையும் அங்கே இறங்கித் தடவிவிட்டுத்தான் போவேன்.

குதிரை ஏறச் சிரமப்படும் மேடு எதுவும் இல்லாத பாதை என்பதால், லாக் வரும் இடத்தில் மட்டும் சிறு ஏற்றம். மற்றபடி மேசைபோல் மட்டம். அயர்லாந்துச் சாலைகளின் மேடுபள்ளத்தில் தொடை வலித்தவனுக்கு இது வரம். ஆனால் கால்வாய் இந்தப் பக்கம் வந்திருக்கவே வேண்டியதில்லை. லின்ஸ்டர் பிரபுவின் மாளிகை மேநூத்தில். தன் ஊர் வழியாகத்தான் கால்வாய் போகவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அதனால் லீக்ஸ்லிப் அருகே ரை ஆற்றுக்கு மேலே கால்வாயைத் தூக்கிக் கொண்டுபோக ஒரு பெரிய மேடையைக் கட்ட வேண்டி வந்தது. கம்பெனியின் பணம் அதில் கரைந்தது. இதைப் பலருக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். ஒரு பணக்காரரின் வசதிக்காகவே வளைந்துபோன பாதை என்பது எனக்குச் சுவையான கதையாக மட்டும் இருந்தது.

1845-ல் ஒரு ரயில்வே கம்பெனி கால்வாயை வாங்கியது. படகு விடுவதற்கல்ல, அதன் ஓரத்து நிலத்தில் தண்டவாளம் போட. பிறகு தேய்ந்து தேய்ந்து 1961-ல் படகுப் போக்குவரத்தை மூடினார்கள். டப்ளினில் கால்வாயின் தடத்திலேயே நெடுஞ்சாலை போடலாம் என்ற யோசனைகூட வந்தது. அதை எதிர்த்து ஊர்க்காரர்கள் 1974-ல் சங்கம் அமைத்தார்கள். சனி ஞாயிறுகளில் மண்வெட்டியோடு வந்து நாணலை அறுத்தார்கள், தூர் வாரினார்கள், லாக் கதவுகளைச் செய்து மாட்டினார்கள். 2010-ல்தான் மறுபடி முழுக் கால்வாயும் படகுக்குத் திறந்தது. முப்பத்தாறு ஆண்டு உழைப்பு! நான் அனுபவித்த தனிமை அவர்கள் போட்ட பிச்சை. அவர்கள் யாரும் அதை ஒரு தனி ஆளுக்காகச் செய்யவில்லை.

மேற்கே மேநூத்திலிருந்து குளூண்டாராவரை 130 கிலோமீட்டரைச் செப்பனிட்டு 2021 மார்ச்சில் முறையாகத் திறந்தார்கள். மேல்மண்ணைச் சுரண்டி, உடைத்த கல் பரப்பி, அதன்மேல் குவாரித் தூளை உருட்டி அழுத்திய பாதை, ஊர்ப்பக்கங்களில் தார். டப்ளினுக்கும் மேநூத்துக்கும் நடுவே மட்டும் வேலை நீண்டுகொண்டே போகிறது. அதில் காசில்நாக் பக்கம் ஓர் இடத்தில் கால்வாயைப் பாறையில் ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். ஒடுங்கிய பாதை மேலே, தண்ணீர் கீழே கிடங்கில். 1845 நவம்பரில் அங்கே ஒரு பயணிகள் படகு பாறையில் மோதிக் கவிழ்ந்து பதினாறு பேர் இறந்தார்கள். வேர்களும் வழுக்கலுமான அந்த இடத்தை இறங்காமல் கடப்பது என் வித்தைகளில் ஒன்று.

பாதையை மாற்றக்கூடாது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் என்னைப்போலக் குறுகிய மனம் கொண்டவர்கள் அல்ல. தெற்கே பாரோ நதியின் புல்கரையைக் கெட்டிப் பாதையாக்கும் திட்டம் வந்தபோது கார்லோ பகுதி மக்கள் எதிர்த்தார்கள். திட்டமிடல் மேல்முறையீட்டு வாரியமும் 2019-ல் அனுமதி மறுத்தது. புல்லில் நடப்பவனின் நிதானம், நதியோர உயிர்கள், வேகமாக வரும் சைக்கிள் என்று அவர்கள் சொன்ன காரணங்களுக்கு எடை உண்டு. நான் அவர்களின் நியாயத்தைக் கடன் வாங்கி என் பொறாமைக்கு மேல் போர்த்திக்கொண்டேன். நானே வேகமாக வருகிற சைக்கிள்காரன் என்பதை மறந்துவிட்டேன்.

என் மனைவிக்கு சைக்கிள் தெரியாது. ஊரில் அவள் வீட்டில் தம்பிக்குத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். நாற்பதைத் தாண்டி, மேநூத்தில் ஒரு கார் நிறுத்தும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கற்றுக்கொண்டாள். அவளை ஒருமுறை லீக்ஸ்லிப் பக்கம் என் கரைக்குக் கூட்டிப்போனேன். பாலத்தடியில் பாதை ஒடுங்கும், ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் தண்ணீர். அவள் இறங்கிவிட்டாள். தள்ளிக்கொண்டே வந்தாள். "உங்களுக்கு நல்லா இருக்கு, எனக்கு உயிர் போகுது" என்றாள். பழகிவிடும் என்று சொல்லி வைத்தேன். அதன் பிறகு அவள் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் வராதது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

கில்காக் பக்கம் புதுப்பாதை முடிந்த பிறகு அவளாகவே கிளம்பினாள். முதலில் கில்காக்வரை, பிறகு என்ஃபீல்டு. நான் பின்னால் போனேன், அவள் வேகத்தில். எத்தனை பேர்! தள்ளுவண்டியில் பிள்ளையோடு ஒருத்தி, சின்னச் சக்கர சைக்கிளில் தகப்பனுக்கு முன்னால் அலறிக்கொண்டு போகும் பையன், கைகளால் ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் கால் அசையாத ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் என்னிடம், தான் பிறந்தது இந்தக் கரையோரம்தான் என்றும், விபத்துக்குப் பிறகு தண்ணீரைப் பாலத்தின்மேல் காருக்குள்ளிருந்துதான் பார்த்ததாகவும் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஆளில்லாத அழகு என்று நான் கொண்டாடியதில் இவரும் இல்லாமல் இருந்தார்.

இந்தக் கரையில் விரும்பி வராதவர்களும் நடந்திருக்கிறார்கள். 1847 பஞ்சத்தில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்ட 1,490 பேர் இந்தக் கால்வாயோரமாக டப்ளினுக்கு நடந்து, லிவர்பூல் வழியாகக் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கடலிலும் கரையிலுமாகப் பாதிப் பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக வழியெங்கும் வெண்கலத்தில் குழந்தைச் செருப்புகள் செய்து வைத்திருக்கிறார்கள். தலையைக் குனிந்து சேற்றையே பார்த்துக்கொண்டு ஓட்டிய காலத்தில் அவற்றில் சிலவற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன். மனைவி ஒவ்வொன்றிலும் நிறுத்தி, எழுதியிருப்பதை முழுக்க வாசித்துவிட்டுத்தான் நகர்வாள்.

நிதானமாகப் போவதில் வேறு லாபமும் உண்டு என்று அவளுக்கு ஹாமில்டன் கதையைச் சொன்னேன். டப்ளின் பக்கத்து புரூம் பாலம்வரை இதே கரையில் மனைவியோடு நடந்து வந்தபோதுதான், 1843 அக்டோபர் 16 அன்று, அந்தக் கணிதமேதைக்கு நாள்பட்ட சிக்கல் ஒன்று சட்டென்று அவிழ்ந்தது. கத்தியால் பாலத்துக் கல்லில் சூத்திரத்தைக் கீறிவைத்தார். "அந்தம்மா அப்போ என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். யாரும் எழுதிவைத்திருக்கமாட்டார்கள் என்றேன்.

என்ஃபீல்டுவரை போய், அங்கே சைக்கிளோடு ரயிலேறித் திரும்புவது இப்போது எங்கள் வழக்கம். கால்வாயை விழுங்கிய ரயில் இப்போது கால்வாய்க்கு ஆள் கொண்டுவந்து சேர்க்கிறது.

இன்னும் முடியாத கிழக்குப் பகுதிப் பாதை பற்றி ஒருமுறை மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். படிவத்தைப் பூர்த்தி செய்தேன். பாதை அகலமாக வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தடுக்கிறோம் என்று வைக்கும் வளைவுக் கதவுகள் சக்கர நாற்காலியையும் தடுப்பதால் அவை வேண்டாம். ஊருக்கு வெளியே வௌவால்களுக்காக விளக்கு வேண்டாம். ஓரத்தில் புல்லை விட்டுவையுங்கள். பழைய கரை அப்படியே இருக்கட்டும் என்று எழுதக் கை பரபரத்தது, எழுதவில்லை. முடித்ததும் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீங்க எல்லாம் வேலிக்குப் பின்னாடி போயிட்டு வந்துடுவீங்க" என்று சொல்லி, கடைசி வரியாகக் கழிப்பறை என்று அவளே எழுதினாள்.