பழைய ஒமேகாவா, புதிய ஒமேகாவா?

"மெக்கானிக்கல் படிக்கிறவனாச்சே, நீயே சொல்லு மாப்ளே!" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தார் மாமா. 1998-ல் துபாயில் ஓவர்டைம் காசைச் சேர்த்து வாங்கிய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். 1969-ல் நிலவில் நடந்த ஆல்ட்ரின் கட்டியிருந்தாரே, அதே வரிசை! இதைக் கொடுத்து, மேலே பணமும் போட்டு, 2021-ல் வந்த புது மாடலை வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

தெரிந்ததையெல்லாம் ஒப்பித்தேன். பழசில் இருப்பது 1861 இயந்திரம். முழுதாகச் சாவி கொடுத்தால் 48 மணி நேரம் ஓடும். புதுசில் 3861, 50 மணி நேரம். 15,000 காஸ் காந்தப்புலத்தையும் தாங்கும். திருகை இழுத்தால் விநாடி முள் நிற்கும். நேரத்தைத் துல்லியமாக வைக்கலாம். பழசில் அந்த வசதி கிடையாது.

"அப்ப புதுசுதான் மாமா!"

மாமா சிரிக்கவில்லை. "அந்த வருஷம் லீவு எடுக்காம உழைச்சேன்டா. மக பொறந்ததைக்கூட வந்து பாக்கல. இதைக் கட்டுறப்பல்லாம் அது உறுத்துது."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் அடுக்கிய கணக்கில் இது இல்லவே இல்லை.

"விக்காதீங்க மாமா. சர்வீஸ் பண்ணி அவ கையில கட்டி விடுங்க" என்றேன்.

போன மாதம் கட்டிவிட்டாராம். தினமும் காலையில் அவள்தான் சாவி கொடுக்கிறாள்.

— மூன்றாமாண்டு, இயந்திரவியல்