மூணு கொம்புப் பெட்டி

மூன்றாமாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று யூனியன் அண்ணன்மார் வகுப்புக்கு வந்தபோது, பாதிப் பேர் கவிதை தருவதாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் எங்கள் வீட்டு ரவுட்டர் கதையை எழுதுகிறேன். "ரவுட்டர்ல என்னடி கதை?" என்று பக்கத்து சீட்டுக்காரி சிரித்தாள். நீங்களும் சிரியுங்கள், பரவாயில்லை. நானே இரண்டு இடத்தில் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் அது நடந்த சமயத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீடு குமாரபாளையத்தில் இருக்கிறது. அப்பாவும் அண்ணனும் விசைத்தறி ஓட்டுகிறார்கள். அம்மா தார் சுற்றுகிறார். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். நிறுத்தப்பட்டவர் என்றுதான் எழுத வேண்டும், அவராக நிற்கவில்லை. வீட்டில் ஒருத்தராவது படிக்கட்டும் என்று முடிவானபோது அந்த ஒருத்தர் நானாகிப் போனேன். ஆகவே ஒயர் இருக்கிற எந்தப் பொருள் கெட்டாலும் அது என் பொறுப்பு. மிக்சி, டார்ச் லைட், எதிர்வீட்டு ரிமோட் எல்லாம் என் முன்னால் வந்துவிடும். "கரண்டு படிக்கிற புள்ள, அதுக்குத் தெரியாதா?" என்பார் அம்மா. எனக்குத் தெரியாததுதான் அதிகம். அதை அவரிடம் சொல்ல வாய் வராது.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி அண்ணி வந்தார். அண்ணி கெட்டிக்காரர். தெரிந்த இடத்தில் சேலை, லுங்கி, துண்டு எடுத்து போனிலேயே விற்க ஆரம்பித்தார். வீடியோ காலில் சேலையை விரித்து முந்தானையைக் காட்டுவார். பிடித்தால் அங்கிருந்தே பணம் போட்டுவிடுவார்கள். வாங்குகிறவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கூப்பிடுவார்கள். அதற்காகவே கேபிள் டி.வி.க்காரரிடம் சொல்லி ஃபைபர் இணைப்பு வாங்கினோம். அவர் கொடுத்த பெட்டியை முன் ஆசாரத்தில் டி.வி.க்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஏழு மணி ஆனால் போதும், அண்ணியின் படம் அப்படியே நின்றுவிடும். "ஹலோ... தெரியுதுங்களா? சேலை தெரியுதுங்களா?" என்று அண்ணி கத்துவார். ஒரு நாள் சேலத்து அம்மா ஒருவர் விசேஷத்துக்கு எட்டு சேலை எடுக்கக் கூப்பிட்டார். மூன்று தடவை கட்டானது. நான்காம் தடவை அவர் எடுக்கவே இல்லை. அன்றைக்கு அண்ணி ஒன்றும் பேசாமல் சேலைகளை மடித்து வைத்தார்.

மறுநாள் அண்ணன் 600 ரூபாயை என் கையில் கொடுத்தார். "அம்முணி, இது உன்ற படிப்புதானே? நல்ல பெட்டியா ஒண்ணு பார்த்து வாங்கு. பத்தலைன்னா சொல்லு."

அந்த இடத்தில் நான் "தெரியலீங்ணா, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்போது நான் இரண்டாமாண்டு. டிரான்சிஸ்டர் தெரியும், கேட் தெரியும், ரவுட்டரை உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆனால் படிக்கிற பிள்ளை தெரியாது என்று சொன்னால் என்ன ஆகும்? ஈரோட்டுக்கு பஸ் ஏறினேன். பழைய சாமான் கடையில் கறுப்பாக, மூன்று கொம்பு வைத்து, 300 எம்.பி.பி.எஸ். என்று எழுதிய பெட்டி இருந்தது. எங்கள் வீட்டுப் பெட்டிக்குக் கொம்பே கிடையாது. மூன்று கொம்பு என்றால் மூன்று மடங்கு என்று கணக்குப் போட்டேன். 550 ரூபாய்.

வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரித்தேன். பின்னால் திருப்பினால் டெலிபோன் ஒயர் சொருகுகிற ஓட்டை! அது ஏ.டி.எஸ்.எல். ரவுட்டர், அதாவது பழைய செம்புக் கம்பி டெலிபோன் லைனில் நெட் எடுக்கிற காலத்துப் பெட்டி. எங்கள் வீட்டுக்கு வருவதோ கண்ணாடி இழையில் ஒளி. அதைப் பிரித்துக் கொடுக்கிற வேலையைக் கேபிள்காரர் கொடுத்த பெட்டி செய்கிறது. அதிலிருந்து லேன் ஒயரில் வெளியே எடுத்தால், புதுப் பெட்டியில் அதை வாங்கிக்கொள்ள வேன் என்று தனியாக ஒரு ஓட்டை இருக்க வேண்டும். இதில் அது இல்லை. விடவில்லை நான். இருக்கிற ஓட்டையில் ஒயரைச் சொருகினேன். இருந்த நெட்டும் போய்விட்டது!

காரணம் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பெட்டிக்கும் உள்ளே ஒரே முகவரி, 192.168.1.1. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? போதாததற்கு இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு போன்களுக்கு நம்பர் கொடுக்க ஆரம்பித்திருந்தன.

ஒயரைப் பிடுங்கி, பெட்டியைத் துணியில் சுற்றி அட்டாலியில் பழைய பாத்திரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ராத்திரி அண்ணனிடம், "நல்லது ஒண்ணும் இல்லீங்ணா, அடுத்த வாரம் பார்க்கிறேன். பணம் என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். எங்கள் அண்ணனிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் இதுதான்.

நம் லேப் சாரிடம் யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "மாத்திரை வாங்கறதுக்கு முன்னாடி என்ன நோவுன்னு பார்த்தீங்களா?" என்றார். எந்த நேரத்தில் கட்டாகிறது, அப்போது பெட்டியில் லைட் எரிகிறதா, ஒயரில் நேராக மாட்டினாலும் கட்டாகிறதா? இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

மூன்று சாயங்காலம் நோட்டோடு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். நாடகம் பார்க்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டார். இரண்டாம் நாளே பிடிபட்டது. படம் நிற்கிற ஒவ்வொரு தடவையும் பெட்டியின் எல்லா லைட்டும் அணைந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதாவது பெட்டி செத்துப் பிழைக்கிறது. இது கொம்பு சமாச்சாரமே இல்லை, கரண்டு சமாச்சாரம்!

லேபில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு மல்டிமீட்டர் வாங்கி வந்தேன். அடாப்டரைத் தனியாக அளந்தால் 12 வோல்ட் சுத்தமாகக் காட்டியது. பெட்டியில் மாட்டி ஓடும்போது அளந்தால் 10-க்கு வந்துவிட்டது. சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. டியூப் லைட்டே சிமிட்டும். அப்போது மீட்டரில் இன்னும் கீழே இறங்கி பெட்டி படுத்துவிட்டது. அடாப்டரை உடைத்துப் பார்த்தேன், உள்ளே ஒரு கெப்பாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. (உடைத்ததற்கு சாரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். யாரும் செய்யாதீர்கள்.) புது அடாப்டர் 180 ரூபாய். வோல்ட் அதே 12 ஆக இருக்க வேண்டும், ஆம்பியர் பழையதற்குக் குறையக் கூடாது, முனையில் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்பதும் பொருந்த வேண்டும். அவ்வளவுதான். அன்றிலிருந்து லைட் அணையவில்லை.

180 ரூபாய் நோவுக்கு நான் 550 ரூபாயைக் கொண்டுபோய்த் தொலைத்திருந்தேன்.

பாதி சரியாயிற்று, மீதி இருந்தது. அண்ணி சேலை விரிப்பது பின்பக்கத்து ஓட்டு வீட்டில். நடுவில் ஒன்றரை அடிக் கல்சுவர். போனில் பார்த்தால் எங்கள் தெருவில் 14 வைஃபை, பெரும்பாலும் 6-ஆம் சேனலில் முண்டியடித்துக்கொண்டிருந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 மூன்றுதான். எங்களுடையதை 1-க்கு மாற்றினேன். டி.வி.க்குப் பின்னால் ஒளிந்திருந்த பெட்டியைக் கதவு நிலைக்கு மேலே ஏற்றினேன். முன்னைக்கு நல்ல வித்தியாசம். ஆனாலும் கல்சுவர் கல்சுவர்தான். பின்பக்கத்துக்கு ஒயர் இழுத்து இன்னொரு பெட்டி வைத்தே ஆக வேண்டும். இப்போதுதான் உண்மையாகவே ரவுட்டர் வாங்க வேண்டிய நேரம். பணம் இல்லை. அண்ணனிடம் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் பொடக்காளியில் கை கழுவிக்கொண்டிருந்தார். நின்று, தயங்கி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட்டாலியில துணி சுத்திக் கெடக்குதே, அதா?" என்றார். "அன்னிக்கே பார்த்துட்டேன். நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே, தறிக்குப் போன முதல் மாதத்தில் எத்தனை பாவு அறுத்தார், முதலாளி அதைக் கூலியில் எப்படிப் பிடித்தார் என்று கதை சொன்னார். வீட்டில் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். கடைசியில், "இப்பத் தெரியுமா?" என்று கேட்டார்.

"பாதி தெரியுங்ணா. மீதியைக் கேட்டுக்குவேன்."

வாரக்கூலி வந்ததும் 1,300 ரூபாய் கொடுத்தார்.

இந்தத் தடவை கடைக்காரர் அட்டைப்பெட்டியில் 1200 என்ற எண்ணைக் காட்டி மயக்கப் பார்த்தார். நண்பர்களே, அந்த 1200 என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். 2.4-இல் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே கொஞ்சம் உருட்டிய கணக்கு. ஒரு போனுக்கு அது ஒரு நாளும் வந்து சேராது. அதே பெட்டியின் பின்னால் ஒயர் ஓட்டை 100 எம்.பி.பி.எஸ்.தான். வாசல் 100, உள்ளே 1200! எங்கள் திட்டம் 50 என்பதால் 100 போதும், கிகாபிட் ஓட்டைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்று விட்டேன். உங்கள் வீட்டில் 200, 300 திட்டம் என்றால் கிகாபிட் இல்லாததைத் தொடாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ஒரே அறையில் நன்றாக ஓடும், சுவர் தாண்டச் சொன்னால் சுணங்கும். அண்ணியின் அறைக்குள்ளேயே பெட்டி என்பதால் எங்களுக்கு அது ஒத்துவந்தது.

நான் கேட்ட மற்றவை கடைக்காரருக்கு விசித்திரமாக இருந்தன. ஆக்சஸ் பாயிண்ட் மோடு உண்டா? கதவு எண் சண்டை மறுபடி வராமல் இருக்க அது வேண்டும். வாரண்டி எத்தனை வருஷம்? தயாரிப்பாளர் இந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது சாஃப்ட்வேர் புதுப்பித்தார்? "அதெல்லாம் யாரும்மா கேட்கறாங்க!" என்றார். கேட்க வேண்டும். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் ரவுட்டர், கேமரா இவற்றின் மாற்றப்படாத பாஸ்வேர்டை வைத்தே உள்ளே புகுந்து, அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. 2018 மே மாதம் இன்னொன்று ஐந்து லட்சம் பெட்டிகளில் புகுந்ததாகத் தெரியவந்து, வீட்டு ரவுட்டர்களை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லி எஃப்.பி.ஐ.யே மக்களைக் கேட்டுக்கொண்டது. அண்ணியின் சேலைப் பணம் முழுக்க இந்தப் பெட்டி வழியாகத்தான் வருகிறது. ஆகவே மாட்டியவுடன் முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றினேன். புதுப்பிப்பு கடைசியாக வந்த தேதியைக் கடையில் நின்றே போனில் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன். அழகான பெட்டி ஒன்றை இதற்காகவே வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தேன். வாங்கியதற்கு நாலு கொம்பு. அதைப் பார்த்து வாங்கவில்லை என்பது சத்தியம்.

ஒயர் இழுப்பதற்கு அண்ணன் ஏணி பிடித்தார். சுவரில் ஓட்டை போடுவதற்குள் இரண்டு பிட்டு மழுங்கியது. அன்று ஏழரை மணிக்கு அண்ணி முக்கால் மணி நேரம் பேசினார், படம் நிற்கவில்லை. சேலத்து அம்மா திரும்பக் கூப்பிடவில்லை. வேறு இரண்டு பேர் கூப்பிட்டார்கள்.

மூணு கொம்புப் பெட்டி இப்போது நம் லேபில் இருக்கிறது. ஜூனியர்கள் கழற்றிப் பார்க்கலாம், மேல் மூடியில் நாலு ஸ்க்ரூதான். அதன் நம்பர் கொடுக்கிற வேலையை நிறுத்தி, முகவரியை மாற்றியிருந்தால் அதையே பின்பக்கம் வைத்திருக்கலாம் என்று சார் பிறகு சொன்னார். ஆனால் பழைய சாஃப்ட்வேர், வேண்டாம் என்றும் அவரே சொன்னார்.

போன வாரம் எதிர்வீட்டு அக்கா வந்தார். "எங்க வூட்டுலயும் நெட்டு நிக்குது கண்ணு, உங்களுது மாதிரியே ஒரு பெட்டி வாங்கிக் குடு" என்று பணத்தை நீட்டினார்.

"இருங்கக்கா, பணம் இருக்கட்டும். நிக்கறப்போ லைட் அணையுதான்னு பார்த்தீங்களா?"

"லைட்டா? அந்தப் பெட்டியில லைட்டு இருக்குதா?"

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் எனக்கென்று சொந்தமாக ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்; பேட்டரி மட்டும் போட வேண்டும்.