உருக்கின் மேல் கொடிக்கருக்கு

பெல்ஜிய நாட்டின் கிழக்குப் பகுதியில், மியூஸ் நதி குன்றுகளுக்கிடையே வளைந்து செல்லும் இடத்தில் அமைந்த லியேஜ் நகரத்தைப் பற்றிப் பேசுவோர், அதன் நிலக்கரிச் சுரங்கங்களையும் உருக்காலைகளையும் கண்ணாடித் தொழிலையும் முதலில் எடுத்துச் சொல்வது வழக்கமாயினும், சுரங்கங்கள் மூடப்பட்டு உலைகள் அவிந்துபோன பின்னரும் அந்நகரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறிட்டுவரும் தொழில் ஒன்று உண்டென்றால், அது துப்பாக்கித் தொழிலே. நதிக்கரையில் செந்நிறச் சுவர்களோடு உயர்ந்து நிற்கும் குர்சியூஸ் மாளிகை, ஸ்பானியப் படைகளுக்கு வெடிமருந்து விற்றுப் பெருஞ்செல்வம் திரட்டிய வணிகர் ஒருவர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. இன்று அருங்காட்சியகத்தின் ஓர் அங்கமாகிவிட்ட அவ்விடத்தில், பழைய துப்பாக்கிகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது, குழல்களைவிட அவற்றின் மேற்பரப்பில் படர்ந்திருந்த இலைகளும் கொடிகளும் வேட்டை நாய்களுமே என் கண்ணைக் கட்டி நிறுத்தின. அந்தச் சித்திர வேலை இன்னும் உயிரோடிருக்கிறதா என்று விசாரித்தபோது, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர், சனிக்கிழமை மத்தியானம் தம்முடன் ஹெர்ஸ்தாலுக்கு வந்தால் கண்ணாரக் காணலாம் என்று அழைத்துப் போனார்.

ஹெர்ஸ்தால், லியேஜை ஒட்டிய தொழிலாளர் ஊர். செங்கல் வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் அதன் தெருக்களில், ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வீடும் ஒரு பட்டறையாக இருந்தது. துப்பாக்கி என்பது அக்காலத்தில் ஒரே கூரையின் கீழ் பிறந்த பொருளன்று. வெஸ்த்ர் என்னும் சிற்றாற்றின் நீர்ச்சக்கரங்களை நம்பி வாழ்ந்தோர் குழல் அடிப்பார்கள். இன்னொருவர் விசைப்பூட்டு செய்வார். வேறொருவர் கட்டை பொருத்துவார். கடைசியாகச் செதுக்குபவரின் மேசைக்கு வரும். இவ்வாறு கைமாறும் உறுப்புகளைக் கூடையில் சுமந்து ஒரு பட்டறையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் பெண்கள். இவ்வளவு கைகள் கலந்த ஒரு பொருளுக்கு யார் பொறுப்பு என்ற வினா எழுந்தே தீரும். அதற்கு விடையாகத்தான் 1672இல் லியேஜின் இளவரசராகிய ஆயர், துப்பாக்கிக் குழல்களைச் சுட்டுச் சோதித்து முத்திரையிடும் ஏற்பாட்டை ஆணையாகப் பிறப்பித்தார். அதற்கான சோதனைச் சாலை இன்றும் இயங்குகிறது. கைத்துப்பாக்கியாயின், அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைவிட 30 சதவீதம் மிகுதியான அழுத்தம் தரும் தோட்டாவால் அதைச் சுட்டுப்பார்த்து, உடையாமல் நின்றால் மட்டுமே முத்திரை விழும். பல நாட்டு முத்திரைகளை ஒன்றையொன்று ஏற்கச் செய்த சர்வதேசக் குழுவும் இந்நகரத்தாரின் முயற்சியாலேயே 1914இல் உருவாயிற்று.

நாங்கள் தேடிப்போன பட்டறை, ஒரு வீட்டின் பின்கட்டில், வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலோடு கூடிய ஒற்றை அறை. அதன் உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர். லியேஜில் துப்பாக்கித் தொழிலையும் செதுக்கு வேலையையும் கற்பிக்கும் லெயோன் மின்யோன் பள்ளியில் பயின்று, எஃப்.என். ஆலையின் சித்திரச் செதுக்குக் கூடத்தில் நீண்டகாலம் ஊழியம் புரிந்து, ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே உளியைத் தொடர்பவர். பெல்ஜிய அரசு கோரிய 1,50,000 மவுசர் ரைபிள்களைச் செய்து கொடுப்பதற்காக, அவ்வூர்த் துப்பாக்கி வணிகர்கள் ஒன்றுகூடி 1889இல் நிறுவியதே அந்த ஆலை. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கிகளால் அது உலகப் பெயர் பெற்றது. அவர் உயிர் நீத்ததும் 1926இல் அதே ஆலையில்தான். அவர் தொடங்கிவைத்து, அவருக்குப்பின் தியெதோனே செவ் என்பவர் முடித்த பிஸ்டல் 1935இல் வெளிவந்து, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக உற்பத்தியில் இருந்தது. அவ்வகைப் பிஸ்டல் ஒன்றின் ஸ்லைடு எனப்படும் நகரும் மேற்பகுதிதான் அன்று முதியவரின் வைஸ் என்னும் பிடிகருவியில் இறுகியிருந்தது.

அந்த வைஸின் அடிப்பாகம் கனத்த உருண்டை. விரலால் தள்ளினால் எந்தப் பக்கமும் ஓசையின்றிச் சுழலும். ஸ்லைடின் பக்கத்தில் வெள்ளைச் சாயம் மெல்லியதாகப் பூசப்பட்டு, அதன்மேல் கூர்மையான பென்சிலால் ஒரு கொடிக்கருக்கு வரையப்பட்டிருந்தது. முதியவர் பூதக்கண்ணாடியை இறக்கி, உள்ளங்கையில் காளான் வடிவப் பிடி அமர்ந்த சிற்றுளியை எடுத்து, கோட்டின் தொடக்கத்தில் வைத்தார். வலக்கை அசைந்ததாகவே தெரியவில்லை. இடக்கைதான் வைஸை மெதுவாகச் சுழற்றியது. உளி கோட்டைத் தேடிப் போகவில்லை. கோடே உளியைத் தேடி வந்தது. உருக்கிலிருந்து மயிரிழை போன்ற சுருள் ஒன்று எழுந்து, மின்னி, உதிர்ந்தது. கோட்டின் நடுவில் அழுத்தத்தைச் சிறிது கூட்டி முடிவில் குறைத்ததால், இலையின் முதுகு தடித்து நுனி மெலிந்தது. பின்பு இலைகளுக்கு இடையேயுள்ள தளத்தைச் சுத்தியும் உளியும் கொண்டு தாழ்த்தி, நுண்ணிய புள்ளிகளால் கருமைப்படுத்தினார். கொடி உருக்கினின்று மேலெழுந்து நின்றது. பள்ளியில் சேர்ந்தபோது பல மாதங்கள் நேர்கோடுகளை மட்டுமே வெட்டச் சொன்னார்கள் என்றும், அந்தச் சலிப்பைத் தாங்காதவர்கள் ஓடிவிட்டார்கள் என்றும், தாங்கினவர்களுக்குப் பிற்பாடு வளைவு தானாக வந்ததென்றும் அவர் சொன்னார்.

தங்கம் பதிக்கும் முறை இன்னும் விசித்திரமானது. எழுத்துக்குரிய பள்ளத்தை வெட்டும்போதே அதன் ஓரச் சுவர்களை உட்புறமாகச் சாய்த்து, அடியிலும் சிறு முட்களை எழுப்பிவிடுகிறார்கள். பிறகு கலப்பற்ற தங்கக் கம்பியை அதில் வைத்துத் தட்ட, மென்மையான பொன் சுவர்களின் அடியில் பாய்ந்து முட்களைக் கவ்விக்கொள்கிறது. பற்றாசும் இல்லை, பசையும் இல்லை. எத்தனை தலைமுறை கையாண்டாலும் அது கழன்று வருவதில்லை.

நான் கவனித்த இன்னொன்று: அந்தக் கொடி எங்கும் தாராளமாகப் படர்ந்து வந்து, ஸ்லைடில் பதித்த வரிசை எண்ணையும் சோதனைச் சாலை முத்திரையையும் நெருங்கியவுடன் மரியாதையாக வளைந்து, சுற்றிக்கொண்டு அப்பால் போயிற்று. எண்ணைத் தொடுவது குற்றம் என்றார் முதியவர்; முத்திரையைத் தொடுவது அதைவிடக் கேவலம் என்று சேர்த்துக்கொண்டார்.

நான்கு மணி அடித்ததும் துப்பாக்கிப் பிரியர்கள் வரத் தொடங்கினார்கள். மாதம் ஒருமுறை இவ்வாறு கூடி, புதிதாக வாங்கியதையும் செப்பனிட்டதையும் ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வது இவர்கள் வழக்கம். யாரும் இடுப்பில் செருகிக்கொண்டு வரவில்லை; பூட்டிய பெட்டியில் கொண்டுவந்தார்கள். 2006இல் ஆண்ட்வெர்ப் நகரத் தெருவில் ஓர் இளைஞன் அன்றைக்கே கடையில் வாங்கிய வேட்டைத் துப்பாக்கியால் வழிப்போக்கர்களைச் சுட்ட பிறகு, அந்நாட்டுச் சட்டம் மிகவும் இறுகிவிட்டது. அனுமதியின்றி இத்தகைய கைத்துப்பாக்கிகளை வாங்கவோ வைத்திருக்கவோ இயலாது. பெட்டியைத் திறந்தவுடன் ஒவ்வொருவரும் தோட்டாக் கூட்டை உருவி, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, உள்ளே ஒன்றுமில்லை என்பதைத் தாமும் பார்த்து, அடுத்தவர் கண்ணுக்கும் காட்டிய பிறகே கைமாற்றினார்கள். பலமுறை பழகியவர்களுக்கு இடையிலும் இந்தச் சம்பிரதாயம் ஒருமுறைகூடத் தவறவில்லை.

பல் மருத்துவர் ஒருவர் இலக்குச் சுடும் பந்தயத்துக்கென்று வாங்கிய புதிய பிஸ்டலைக் காட்டினார். அதன் வால்நட் மரப் பிடி அவர் உள்ளங்கையின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்பக் குடையப்பட்டிருந்ததால், என் கையில் அது எந்தப் பக்கமும் பொருந்தவில்லை. அதைக் கண்டு அவர் அடைந்த பெருமிதம் சொல்லி முடியாது. ஓர் இளம்பெண் கொண்டுவந்த பிஸ்டலின் இடப்பக்கம் மட்டும் முழுதும் செதுக்கப்பட்டிருக்க, வலப்பக்கம் வெறுமையாயிருந்தது. செதுக்குக் கூலி பிஸ்டலின் விலையைவிட மிகுதியென்பதால் பணம் சேரச் சேரப் பணி நடப்பதாகக் கூறி அவள் சிரித்தாள். பள்ளி ஆசிரியர் ஒருவரோ, பாட்டனார் வழியில் வந்த 1910ஆம் ஆண்டு மாதிரிக் கைத்துப்பாக்கியைப் புதிதாக நீலம் ஏற்றி, அதற்குரிய உரிமத்தாளோடு ஏந்தி வந்திருந்தார். அளவில் சிறியது, அழகில் எளியது.

அந்த மாதிரியைப் பார்த்ததும் சரயேவோவின் நினைவு வராதவர் அவ்வறையில் இல்லை. 1914 ஜூன் 28இல் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று ஐரோப்பாவையே தீக்கிரையாக்கிய குண்டு, அவ்வூரில் செய்த அவ்வகைப் பிஸ்டலிலிருந்து புறப்பட்டதே. நான் அவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னேன். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1911 ஜூன் 17ஆம் நாள், தென்னிந்தியாவில் மணியாச்சி என்னும் ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதன் என்ற இளைஞரின் கையிலிருந்ததும் பெல்ஜியத்துப் பிரௌனிங்தான் என்றேன். நண்பர் மொழிபெயர்த்து முடித்ததும் ஆசிரியர் ஊரின் பெயரை இருமுறை கேட்டு எழுதிக்கொண்டார். முதியவர் மட்டும், “அந்த இரண்டிலும் ஒரு கோடுகூடச் செதுக்கியிருக்க மாட்டார்கள், ஐயா” என்றார்.

தொழில்காரர் ஒருவரின் சாதாரணக் குறிப்பாகவே அதை அவர் சொன்னாரெனினும், அன்று முழுவதும் என்னைத் துன்புறுத்திய வினாவுக்கு அதில் பாதி விடை இருந்தது. நம் வீடுகளில் ஆயுத பூஜையன்று அரிவாளுக்கும் தராசுக்கும் தையல் இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். அலங்கரித்த அந்த ஒரு நாளில் அவற்றைத் தொட்டு வேலை செய்வதில்லை. ஹெர்ஸ்தாலின் செதுக்குவோர் கைத்துப்பாக்கிக்கு அந்த ஒரு நாளை நிரந்தரமாக்கிவிடுகிறார்கள். கொடி படர்ந்த பிஸ்டலை எவரும் சேற்றிலும் மழையிலும் இழுத்துத் திரிவதில்லை. அது பட்டு விரித்த பெட்டியில் கிடக்கும். மாதம் ஒருமுறை வெளிச்சத்தைக் காணும். கொல்வதற்கென்று பிறந்த பொருளை அலங்காரம் ஊழியத்தினின்றும் விலக்கிவிடுகிறது.

இது பாதி விடையே என்றேன். மறுபாதி அவ்வளவு இனிப்பானதன்று. அலங்காரம் செய்த ஒன்றுக்குப் பின்னால் அலங்காரமில்லாத ஆயிரம் இருக்கின்றன. செதுக்குக் கூடத்துக்கு இடமும் சம்பளமும் கொடுத்துத் தாங்கி நின்றது, படைகளுக்குப் பிஸ்டலும் ரைபிளும் இயந்திரத் துப்பாக்கியும் விற்ற வருமானமே. நம் போலீஸ்காரர் தோளில் நாம் கண்டு பழகிய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியும் இந்த ஆலையின் ரைபிளைப் பின்பற்றி இஷாப்பூரில் செய்ததே. இன்று அவ்வாலைக்கு வலோனியப் பிராந்திய அரசே உரிமை பூண்டிருப்பதால், அவ்வூர்க் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் அதன் லாபத்திலும் பழியிலும் பங்குண்டு.

முதியவருக்கு இது தெரியாததன்று. அவருடைய தாயார் அவ்வாலையின் இயந்திரக் கூடத்தில் வேலை செய்தவர். ஆண் தொழிலாளரின் கடைநிலைக் கூலியைக்கூட எட்டாத ஊதியத்தில், எண்ணெய் தெறிக்கும் இயந்திரங்களின் முன் நின்ற அப்பெண்கள், 1966 பிப்ரவரி 16ஆம் நாள், சம வேலைக்குச் சமக் கூலி வேண்டுமென்று வேலையை நிறுத்தி வெளியேறினர். ஏறத்தாழ மூவாயிரம் பேர் பன்னிரண்டு வாரம் தளராமல் நின்றார்கள். அவர்கள் செய்யும் உறுப்புகள் வராமற்போகவே, ஆண்களின் பகுதிகளும் வேலையின்றி நின்றன. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லையாயினும், ஐரோப்பியப் பெண் தொழிலாளர் வரலாற்றில் அது மறையாத இடம் பெற்றது. “என் தாய் செய்த உறுப்பு உள்ளே இருக்கும், யார் கண்ணுக்கும் படாது, நான் செய்தது வெளியே இருப்பதால் எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள்” என்று அவர் சொன்னபோது, ‘என் பிஸ்டல், என் பிஸ்டல்’ என்று பேசிக்கொண்டிருந்தவர்களும் சற்று நிதானித்துக் கேட்டார்கள்.

இத்தகைய வேலைக்கு வரும் மாணவர்கள் இப்பொழுது குறைவு. வருபவர்களும் துப்பாக்கியை மட்டும் நம்பியிருப்பதில்லை. முதியவரிடம் பழகும் இளைஞன் மூலையில் உட்கார்ந்து ஒரு கைக்கடிகாரத்தின் மூடியில் அதே கொடிக்கருக்கை வெட்டிக்கொண்டிருந்தான். மடக்குக் கத்திகளுக்கும் கிராக்கி உண்டாம். எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. உருக்கில் இலையைத் தளிர்க்கச் செய்யும் இந்த வித்தை எவ்வளவு அருமையானதோ, அவ்வளவுக்கு அது ஆயுதத்தை அண்டிப் பிழைக்க வேண்டிய அவசியமற்றது என்றும், மணி பார்க்கும் கருவியின் மேல் படர்ந்தாலும் கொடி கொடிதானே என்றும் நான் சொன்னேன். முதியவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடிகாரத்தில் இடம் போதாது, எல்லாம் தட்டை. பிஸ்டலுக்கு வளைவும் விளிம்பும் முதுகும் உண்டு, அதில்தான் செதுக்குபவனின் திறமை சோதிக்கப்படும் என்று வாதாடினார். வித்தையின் கண்ணோடு பார்த்தால் அவர் சொல்வது நியாயமே. எனினும் அந்த இளைஞன் பக்கமே நான் நிற்கிறேன். இடம் குறுகியதென்று குறைகூறாமல் அவன் கையிலிருந்த கடிகாரத்தை முடித்துவிட்டு, அடுத்ததற்கு வெள்ளைச் சாயம் பூசத் தொடங்கியிருந்தான்.