இன்னும் ஒரு சொம்பு!

சென்ற ஆவணியில் எனக்கு அறுபது வயது நிறைந்தது. ஒரு பாயசத்தோடு போகட்டும் என்றுதான் நான் இருந்தேன். மகள் விட்டால்தானே! அவள் வீட்டுக்கு நான் சென்னை போயிருந்த சமயம் பார்த்து, “அம்மா, எதுவும் கேக்காம கிளம்பு. இன்னைக்கு உனக்கு ஒரு ட்ரீட்” என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு ‘ஸ்பா’ வாசலில் இறக்கிவிட்டாள்.

உள்ளே போனால் ஏ.சி.யும் வெட்டிவேர் வாசனையுமாக ஜம்மென்று இருந்தது. ஒரு பாரத்தை நீட்டினார்கள். உங்களுக்குப் பிடித்த வாசனை லாவெண்டரா, லெமன் கிராஸா? மசாஜ் அழுத்தமாக வேண்டுமா, மெதுவாக வேண்டுமா? சங்கீதம் வேண்டுமா? எல்லாம் கேட்டிருந்தது. சர்க்கரை வியாதி உண்டா என்று மட்டும் கேட்கவில்லை.

மிசோரத்திலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம், ஒரு பெரிய பித்தளைப் பாத்திரத்தைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். ரோஜா இதழ், எலுமிச்சை வில்லைகள், என்னவோ பச்சிலை, கல் உப்பு எல்லாம் மிதந்தன. ஆவி பறந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. “ஆன்ட்டி, கால் வைங்க” என்று சிரித்தாள்.

நான் காலை வெடுக்கென்று உள்ளுக்கு இழுத்துக்கொண்டேன்.

“என்னம்மா, கூச்சமா?” என்றாள் மகள். கூச்சம் இல்லை. அந்த ஆவியைப் பார்த்ததும் எனக்கு என் அத்தையின் பாதங்கள் ஞாபகம் வந்துவிட்டன. அத்தை என்றால் என் மாமியார்.

உறையூரில் எங்கள் வீடு. அத்தைக்கு எப்போதும் நடைதான். காவிரிக்கு நடை, வெக்காளியம்மன் கோயிலுக்கு நடை, கறிகாய் வாங்க நடை. 1988-ல் என் மகள் பிறந்தபோது, அவளுக்கு மூன்று மாதம் ஆகும்வரை தினமும் குளிப்பாட்டியது அத்தைதான். புடைவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கால்கள் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, அந்தக் கால்களின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பார்கள். நான் பக்கத்தில் வெந்நீர் விளாவிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு கேள்வி வரும்: “முழங்கை வச்சுப் பாத்தியா?” பார்த்தேன் என்றாலும் நம்ப மாட்டார்கள். தன் முழங்கையையும் ஒரு தரம் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழந்தை மேல் ஊற்றுவார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

அத்தைக்கு ஐம்பது வயசிலேயே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொள்வார்கள், கல்யாண வீட்டில் லட்டும் சாப்பிடுவார்கள். எழுபதை நெருங்கும்போது ராத்திரியில் பாதம் எரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். “மொளகாயை அரைச்சுப் பூசின மாதிரி இருக்கும்மா” என்பார்கள். வேறொரு நாள், “பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு” என்பார்கள். ஒரு தடவை கோயிலிலிருந்து வரும்போது ஒற்றைக் கால் செருப்போடு வந்து நின்றார்கள். இன்னொன்று வழியில் கழன்று விழுந்ததே தெரியவில்லை! நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தையும் சேர்ந்து சிரித்தார்கள். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எரிச்சலுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று நானாக ஆரம்பித்ததுதான் பாத ஸ்நானம். தோட்டத்தில் நொச்சி இருந்தது. ஒரு கைப்பிடி நொச்சி இலை, கொஞ்சம் வேப்பிலை, கல் உப்பு, மஞ்சள் தூள் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைப்பேன். பேசினில் பாதி பச்சைத் தண்ணீர், மேலே இந்த வெந்நீர். ராத்திரி சாப்பாடு ஆனதும் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து காலை உள்ளே வைத்துக்கொள்வார்கள். நான் தரையில் உட்கார்ந்து மறுநாளைக்குக் கீரை ஆய்வேன். மாமியாரும் மருமகளும் சண்டையில்லாமல் பேசிய நேரம் அதுதான் என்றால் மிகையில்லை! அந்தக் காலத்தில் யார் வீட்டில் யார் மோர் கடன் கேட்டார்கள் என்பது வரைக்கும் கதை வரும். அத்தைக்கு நன்றாகத் தூக்கமும் வந்தது. அதில் அதிசயம் இல்லை. பாதம் சூடானால் அங்கே ரத்தக் குழாய்கள் விரிகின்றன, உள் உடம்பின் சூடு அந்த வழியாக வெளியேறுகிறது, உடம்பு தூக்கத்துக்குத் தயாராகிறது. இதெல்லாம் உண்மைதான்.

2009 மார்கழி. நல்ல குளிர். அன்றைக்குக் காலை வைத்ததுமே அத்தை, “என்னம்மா, தண்ணி பச்சையாவே இருக்கு. இன்னும் ஒரு சொம்பு ஊத்து” என்றார்கள். ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து, “சூடே ஏறலியே, இன்னும் ஒரு சொம்பு” என்றார்கள். அதையும் ஊற்றினேன். கேட்பவர்களுக்குத்தானே சூடு தெரியும் என்ற நினைப்பு எனக்கு. நான் விரலைக்கூட விட்டுப் பார்க்கவில்லை. டி.வி.யில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். எங்கள் வீட்டுக் கூடம் சிவப்பு சிமெண்ட் தரை. அத்தையின் கட்டிலிலிருந்து சாமி அறை வரைக்கும் ஈரக் கால் சுவடுகள். குளித்துவிட்டு வருகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அத்தை இன்னும் குளிக்கவே இல்லை. விளக்கேற்றிக்கொண்டு நின்றார்கள். குனிந்து பார்த்தேன். இடது பாதத்தில் கொப்புளம் பொரிந்து, உடைந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. அந்தக் காலோடு நடந்து வந்து, நிம்மதியாக ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

“அத்தை, வலிக்கலையா?”

“எது?”

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டர் பார்த்தார். மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை வைத்திருந்தார். அதைத் தோலில் வைத்து, இழை லேசாக வளையும் வரைக்கும் அழுத்தினால் சரியாகப் பத்து கிராம் அழுத்தமாம். “கண்ணை மூடிக்குங்க பாட்டி. நான் தொடறப்பெல்லாம் ‘ஆமா’ன்னு சொல்லணும்” என்றார். அடிபடாத வலது பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். பெருவிரல், சுண்டுவிரல், பாதத்தின் நடு, ஓரம். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், “எப்ப தம்பி ஆரம்பிப்பீங்க?” என்றார்கள்.

அப்போதுதான் டாக்டர் விளக்கினார். பல வருஷம் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் நரம்புகள் கெட்டுப்போகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் அங்கேதான் முதலில் தொடங்கும். எரிச்சல், மதமதப்பு, பஞ்சில் நடக்கிற உணர்ச்சி எல்லாம் அந்த நரம்புகள் கெட்டுக்கொண்டிருப்பதன் அடையாளங்கள். பிறகு சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. நான் எரிச்சலுக்கு வைத்தியம் என்று நினைத்துச் செய்தது, காவல்காரன் தூங்கிவிட்ட வீட்டில் நெருப்பு வைத்த மாதிரி ஆயிற்று. ரத்த ஓட்டமும் குறைந்திருந்ததால் புண் ஆற நாலு மாதம் பிடித்தது. இடது சுண்டுவிரலை எடுக்க வேண்டியும் வந்துவிட்டது.

என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாத்தனார் மதுரையிலிருந்து ஓடி வந்தார்கள். என்ன கேட்கப் போகிறார்களோ என்று சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கூடத்தில் அத்தையின் குரல் கேட்டது: “சோறு வடிக்கறப்ப கஞ்சியைக் கால்ல கொட்டிக்கிட்டேன்டி. என் கவனக்குறைவு.” சமையலை விட்டு ஐந்து வருஷம் ஆகிவிட்ட அத்தை!

2015-ல் அத்தை காலமாகும்வரை அந்தப் பொய்யை மாற்றவே இல்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அதற்குப் பிறகு தினமும் ராத்திரி அத்தையின் காலை நான் கழுவினேன். ஊற வைப்பதில்லை, கழுவுவது மட்டும்தான். வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண சோப்பு. நல்ல துணியால் ஒற்றி எடுத்து, விரல் இடுக்குகளில் ஈரம் இல்லாமல் துடைத்து, தேங்காயெண்ணெயைப் பாதத்தின் மேலும் கீழும் தடவி (இடுக்கில் தடவக் கூடாது, ஈரம் தங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்), ஒரு கைக்கண்ணாடியை அடியில் பிடித்துப் பார்ப்பேன். சிவப்பு உண்டா, வெடிப்பு உண்டா, ஆணி உண்டா என்று. ஆரம்பத்தில் அத்தைக்கு வெட்கம். “மருமக காலைப் பிடிக்கறதாவது” என்று இழுத்துக்கொள்வார்கள். பிறகு பழகிவிட்டது. பேச்சும் பழையபடி வந்தது. வெந்நீரில் கால் வைத்தால் வருகிற தூக்கம், கையால் மெதுவாகப் பிடித்துவிட்டாலும் வரத்தான் செய்தது.

படிக்கிற சகோதரிகள் பயந்துபோய், வீட்டில் இனி யாரும் வெந்நீரில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட வேண்டாம். சர்க்கரை இல்லாத, புண் இல்லாத, சூடு நன்றாகத் தெரிகிற கால்களுக்கு அது சுகமான விஷயம். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கைப்பிடி கல் உப்பும் நாலு நொச்சி இலையும் போட்டுப் பத்து நிமிஷம் வைத்தால் களைப்பு போகும். கடையில் விற்கிற எப்ஸம் உப்புதான் வேண்டும் என்பதில்லை; அதில் இருக்கும் மக்னீஷியம் பாதம் வழியாக உடம்புக்குள் போய்விடும் என்று சொல்வதற்குப் பலமான ஆதாரம் கிடையாது. சுகம் பெரும்பாலும் சூட்டினால்தான். அரை மணி நேரம் ஊறப் போட்டால் தோல் வெளுத்துச் சுருங்கி, பிறகு இன்னும் வறண்டு வெடிக்கும். பித்த வெடிப்புக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களோ, டாக்டரைக் கேட்காமல் வெந்நீர் வைத்தியம் எதற்கும் போகாமல் இருப்பதே நல்லது. வெந்நீர்ப் பை, பாதத்துக்குக் கரண்ட்டில் சூடு கொடுக்கிற சாமான், மத்தியானக் கோயில் பிராகாரத்துக் கல் எல்லாமே இதில் சேர்த்திதான். சித்திரை மாத மத்தியானத்தில் வெறுங்காலோடு அடிப்பிரதட்சிணம் செய்துவிட்டுக் கொப்புளத்தோடு வந்தவர்களை அந்த டாக்டர் அறையிலேயே பார்த்தேன். சாமி எங்கே போகிறார்? காலையில் போகலாமே! கழுவுகிற தண்ணீரும் உடம்புச் சூட்டுக்கு, அதாவது 37 டிகிரிக்கு, மேலே போக வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த நைலான் இழைப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஐந்து நிமிஷ வேலை, துளி வலி கிடையாது. கேட்காவிட்டால் சில இடங்களில் செருப்பைக்கூடக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

எனக்கும் 2017-ல் சர்க்கரை வந்துவிட்டது. பரிசோதனையில் இதுவரை எல்லா இடத்திலும் ‘ஆமா’ சொல்லிவிட்டேன். அத்தை மாதிரி கேட்டுவிடுவோமோ என்று ஒவ்வொரு வருஷமும் பயந்துகொண்டேதான் கண்ணை மூடுகிறேன்.

இப்போது ஸ்பாவுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணிடம், “எனக்குச் சுகர்ம்மா. நீ உன் முழங்கையை இதுல விட்டுப் பாரு” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் என் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். மகளுக்கு ஒரே சங்கடம். “அம்மா, அவங்களுக்குத் தெரியாதா? தினமும் செய்யறாங்க!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முதலில் கையை விட்டாள். “ஓகே ஆன்ட்டி” என்றாள். நாள் பூராவும் வெந்நீரில் புழங்குகிற கை அப்படித்தான் சொல்லும். அடுப்பில் நின்று மரத்துப்போன நம் கை சொல்லாதா? “முழங்கை” என்று மறுபடியும் சொன்னேன். விட்டாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் இரண்டு ஜக் குளிர்ந்த தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாள். மறுபடி முழங்கை. இன்னும் அரை ஜக். பிறகு நானே ஒரு தடவை பார்த்துக்கொண்டு, காலைக் கழுவ மட்டும் சொன்னேன். இடுக்குகளை அவள் துடைத்த பக்குவத்தை என்னவென்று சொல்வது! மணிமணியாகத் துடைத்தாள். அதற்கப்புறம் தோளுக்கும் முதுகுக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டாள். அதில் நான் குறட்டையே விட்டுவிட்டேனாம், மகள் சொன்னாள். பில்லைப் பார்த்தபோது தூக்கம் கலைந்துவிட்டது. எங்கள் வீட்டு ஒரு மாதப் பால் கணக்கு!

திரும்பி வரும்போது ஆட்டோவில் மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. பாட்டிக்குக் கஞ்சி கொட்டியதாகத்தான் அவளுக்கும் தெரியும். அப்போது அவள் ஹாஸ்டலில் இருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பதினாறு வருஷம் கழித்து முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். குழந்தையாய் இருக்கும்போது அவளைப் போட்டுக் குளிப்பாட்டிய அந்தக் கால்களைப் பற்றியும் சொன்னேன்.

கோடம்பாக்கம் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. அவள் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, “பாட்டி கண்ணாடி வச்சுப் பாத்த மாதிரி உனக்கு யாரும்மா பாக்கறா?” என்றாள்.

“நானே பாத்துக்கறேன்” என்றேன். “முதுகு வளையற வரைக்கும்.”